அலமாரியில் இல்லாத கலியாணம்

நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அட்டவணை எப்படிப் போடுவது, ஓலைச்சுவடியை எப்படித் தூசு தட்டுவது என்றெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு வகுப்புகள் இருக்கின்றன. வகுப்பில் தூங்கினாலும் கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள், "உங்கள் சாதனைகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். சாதனையாம்! ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்து யோசித்துப் பார்த்தால் சாதனை ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. வெட்கப்பட்ட சங்கதிகள்தான் வரிசையில் வந்து நிற்கின்றன. அதில் பெரியதைச் சொல்கிறேன். பிறகு உங்கள் பாடு.

நான் வேலை பார்த்தது கொப்பன்ஹேகனில், ஒரு பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய நூற்பிரிவில். தரங்கம்பாடியில் டெனிஸ்காரர் கோட்டை கட்டி இருந்த காலத்தில் அங்கே போன மிஷனரிமாரும் கப்பல்காரரும் அள்ளிக்கொண்டு வந்த ஓலைகள், பழைய அச்சுப் புத்தகங்கள், நம்மவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்று அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள், எல்லாம் அங்கே உண்டு. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கிய எனக்கு, தமிழ் எழுத்தை ஓட்டமாக வாசிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வேலை கிடைத்தது. மற்றவர்கள் எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஓலை அடுக்கினேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

பிரிவின் தலைவர் ஒரு பேராசிரியர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், பிடிவாதக்காரர். தமிழைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர். காலையில் என்னைக் கண்டால், "தாங்கள் நலந்தானா?" என்று செந்தமிழில் கேட்பார். "ஓம், இருக்கிறன்" என்று நான் சொன்னால் விளங்காமல் விழிப்பார். மீதிப் பேச்சு முழுக்க டெனிஸ் மொழியில் நடக்கும். அவரிடம் ஒரு விதி இருந்தது. வெளியே இருந்து யார் எதைக் கேட்டாலும், எந்த அலமாரி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்ததை மட்டும்தான் பதிலாக எழுதவேண்டும். காட்ட முடியாததை எழுதக்கூடாது. நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருடங்களைத் தமிழர் வழக்கு வருடங்கள் என்று இந்த டென்மார்க் நாட்டில் சொல்வார்கள். அகதியாக வந்த தமிழர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சில் அசையாமல் கிடந்த காலம். அது பின்னால் விசாரணையாகி அரசாங்கத்தையே கவிழ்த்தது உங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்கு அது எதுவும் தெரியாது. "ஃபைல் அசையுதில்லை" என்பது மட்டும் தெரியும். அங்கே இந்திய இராணுவம், ஊரடங்கு, ஷெல். இங்கே ஆண்கள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு நாள் எஸ்பியர்க்கிலிருந்து தவராசா என்று ஒருவர் வந்தார். கிளிநொச்சிப் பக்கத்து ஆள். விடியமுதல் ரயில் ஏறி, ரயிலோடு சேர்ந்து கப்பலிலும் ஏறிக் கடலைக் கடந்து, எங்கள் வாசகசாலை வாசலில் வந்து நின்றார். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. அது தோளில் நிற்கவில்லை. மேசைகளில் இருந்த வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவசரமாக எழுந்து போய் அவரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கோட்டில் மீன் மணந்தது. மற்றவர்களுக்கு மணக்கக்கூடாதே என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. சீ, என்ன பிறப்பு!

"ஐயா, லோயர் அனுப்பினவர்" என்று வழக்கறிஞரின் கடிதம் இருந்த உறையை நீட்டினார்.

"ஐயா எண்டு கூப்பிடாதையும். அண்ணை எண்டு சொல்லும், காணும். என்ன விசயம்?"

விசயம் இதுதான். மனைவி புனிதமும் சின்ன மகளும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டாயிற்று. ஆனால் கலியாணப் பதிவு இல்லை. தாலி கட்டிய படம் இல்லை. ஐயர் இல்லை. ஏனென்றால் அவர்கள் கலியாணம் செய்தது சோறு கொடுத்து. இனசனம் கூடியிருக்க, பெண் தன் கையால் சமைத்து இலையில் மாப்பிள்ளைக்குச் சோறு போடுவாள். அவன் சாப்பிடுவான். அதே இலையில் அவளும் சாப்பிடுவாள். அவ்வளவுதான், அவர்கள் புருசன் பெண்சாதி. பதிவெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம் என்று இருந்திருக்கிறார்கள். அதற்குள் சண்டை வந்து, இவர் ஓடி வரவேண்டியதாகிவிட்டது.

"லோயர் சொல்லுறார், ஃபைல் எப்ப அசைஞ்சாலும் முதல்ல வெளியில விழப்போறது என்ரதுதானாம். கலியாணமே இல்லை எண்டு சொல்லிப்போடுவாங்களாம். இப்பிடி ஒரு வழக்கம் இருக்கெண்டு யுனிவேசிற்றி ஒரு பேப்பர் தந்தா, அதை வைச்சுக் கதைக்கலாமாம்." கோட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "விசாரணையில புனிதத்தை என்ர கேரஸ்தவோ எண்டு கேட்டவை அண்ணை. மொழிபெயர்க்க வந்தவரும் எங்கட தமிழ் ஆள்தான். அவர் சிரிச்சவர்."

கேரஸ்த என்றால் காதலி. டெனிஸ்காரருக்கு அது சாதாரணச் சொல். பிள்ளை பெற்ற பிறகும் கேரஸ்தவாகவே இருப்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. தவராசாவுக்கு அது கன்னத்தில் விழுந்த அடி. அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை, ஊரில இருக்கிறதுதானே?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "ஓம், அங்கங்க இருக்கெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். எங்கட பக்கத்தில இல்லை."

எங்கள் பக்கத்தில் இல்லை! என்னைப் பெற்ற தாய் என் தகப்பனுக்குச் சோறு கொடுத்துத்தான் அவருடன் குடும்பம் நடத்தினாள். அண்ணனும் நானும் பிறந்த பிறகுதான் அவர்கள் சபையில் சேர்ந்தார்கள், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி ஆசீர்வதித்தார். நாங்கள் படித்து நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியதும் அந்த ஆசீர்வாதத்தையே கலியாணமாக மாற்றிவிட்டோம். "அப்பா அம்மா சேர்ச்சில கட்டினவை" என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. யாரும் வருடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

பேராசிரியர் கடிதத்தை வாசித்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அலமாரிக்குள் இறங்கிவிட்டார். எனக்கு அவரைக் குறை சொல்ல வாய் வராது. ஒரு மீன் தொழிலாளிக்காக அந்த மனிதர் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டுத் தேடினார். மிஷனரிமாரின் குறிப்புகளில் நம்மவர் திருமணம் பக்கம் பக்கமாக இருந்தது. அம்மி, அருந்ததி, தாலியில் எத்தனை நூல், ஐயர் எந்தத் திசையில் இருப்பார், எல்லாம் இருந்தது. சட்டப் புத்தகங்களில் சீதனம் இருந்தது. சோறு இல்லை. எங்கேயும் இல்லை.

கடைசியில் அவர் ஒரு வரி எழுதித் தட்டச்சுக்குத் தந்தார். இப்படியொரு வழக்கத்துக்கு எமது தொகுப்பில் ஆதாரம் எதுவும் காணப்படவில்லை.

"இதை அனுப்ப முடியாது" என்றேன்.

"ஏன்? உண்மைதானே?"

"அலமாரியில் இல்லை என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கிறவன் உலகத்திலேயே இல்லை என்று வாசிப்பான். அந்த மனிதனுடைய பெண்சாதி அங்கேயே கிடக்கவேண்டியதுதான்."

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நூலகம் பொய் சொல்லக்கூடாது. ஆனால் நூலகம் ஆளைக் கேட்கலாம். இந்த வழக்கத்தை நேரடியாக அறிந்த ஒருவர், இந்த விண்ணப்பத்தோடு தொடர்பில்லாதவர், பெயரும் ஊரும் சொல்லிச் சொல்லட்டும். நான் எழுதுகிறேன்."

இதுதானா பெரிய வேலை என்று நினைத்துத் தொலைபேசியை எடுத்தேன். இஷொய், எஸ்பியர்க், ரண்டர்ஸ் என்று நம்மவர் இருந்த ஊர்களில் தெரிந்த ஆட்களை ஒருவர் விடாமல் அழைத்தேன். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "ஓம், ஓம், இருக்கு. வன்னியில செய்யிறவை." வன்னிக்காரரைக் கேட்டால், "அது தீவுப் பக்கத்தில." தீவாரைக் கேட்டால், "உவங்கள் தோட்டக்காரர் செய்யிறது. எங்கட குடும்பத்தில அப்பிடி இல்லை." பெயர் சொல்ல ஒருவர்கூட இல்லை. இஷொயில் ஒருவர் என்னிடமே திருப்பிக் கேட்டார், "நீர் ஏன் உந்தக் கதையெல்லாம் வெள்ளையளுக்குச் சொல்லுறீர்? சிரிக்கப்போறாங்கள்." அவரிடம் கோபப்பட எனக்கு என்ன தகுதி? நானும் அதே பாட்டைத்தான் தவராசாவிடம் பாடியிருந்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு இருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தரங்கம்பாடியில் மிஷனரி மேசை போட்டு உட்கார்ந்து, "உங்கள் ஆட்கள் எப்படிக் கலியாணம் செய்வார்கள்?" என்று கேட்டபோது அவருக்கு முன்னால் நின்றவனும் என்னைப் போல ஒருவன்தான். நாலு எழுத்துப் படித்தவன். தன் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்கமாட்டான். பெரிய வீட்டில் நடந்ததைத்தான் சொல்லியிருப்பான். அவர் எழுதினார், கப்பலில் ஏற்றினார், இங்கே அட்டை கட்டி அடுக்கினார்கள். இப்போது அந்த அலமாரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இல்லை என்கிறோம். பிள்ளைகளே, தொகுப்பில் ஒன்று இல்லையென்றால் அது அழிந்து போயிருக்கலாம், தொலைந்து போயிருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டு யாரோ வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கலாம். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாள் பேராசிரியரின் அறைக்குப் போய், "ஆள் கிடைத்துவிட்டது" என்றேன்.

"யார்?"

"நான்தான். என் தாய் தகப்பன்."

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதையல் கிடைத்தவர் போல அட்டையையும் பேனாவையும் எடுத்தார். தாயின் பெயர்? ஊர்? எந்தச் சாதி? எந்தக் கையால் போட்டார்? என்ன கறி? யார் யார் நின்றார்கள்? கேள்விக்கு மேல் கேள்வி. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்கு உடுப்பைக் கழற்றச் சொன்னது போல இருந்தது. அம்மாவின் பெயரை அந்த மனிதர் எழுத்தெழுத்தாகக் கேட்டு அட்டையில் எழுதியபோது தலையை நிமிர்த்த முடியவில்லை. அவரோ, "இது எங்கும் அச்சில் வராத செய்தி, தெரியுமா?" என்று துள்ளுகிறார்.

கடைசிக் கேள்வி, "எப்படிப்பட்டவர்கள் இதைச் செய்வார்கள்?"

"ஏழைகள்" என்றேன். "வேறு வழி இல்லாதவர்கள்."

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. வறுமை என்றால் வெள்ளைக்காரர் இரங்குவார்கள், வழக்கம் என்றால் சிரிப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. என் அம்மா பாவம், அவளுக்கு ஐயர் வைக்க வசதி இல்லை, இல்லாவிட்டால் உங்களைப் போல ஒழுங்காகத்தான் செய்திருப்பாள் என்று அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவின் வீட்டாருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது எனக்குத் தெரியாததா?

பேராசிரியர் அழகான அபிப்பிராயம் எழுதினார். சோறு கொடுத்தல் உண்மையான திருமணம், சமூகம் ஏற்றுக்கொள்வது, நேரடியாக அறிந்தவரின் வாக்குமூலம் பெயரோடும் ஊரோடும் உண்டு, வறிய மக்களிடையே வேறு வசதி இல்லாதபோது செய்யப்படுவது. முத்திரை குத்தி அனுப்பினோம். தவராசா தொலைபேசியில் அழுதார். "அண்ணை, இந்த உதவியை மறக்கமாட்டன். இஞ்சை எல்லாருக்கும் காட்டினனான்."

எல்லாருக்கும் காட்டினால் ரண்டர்ஸுக்குப் போகாமல் இருக்குமா? அங்கே என் அண்ணன் இருந்தார். தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். தொலைபேசியில் வணக்கமும் இல்லை ஒன்றும் இல்லை.

"தம்பி, உனக்கு என்ன விசரே? அம்மாவைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ர பேப்பரில ஏத்தியிருக்கிறாய். நாளைக்கு நான் பிரசங்க மேடையில எப்பிடி ஏறுறது? என்ர பிள்ளையளுக்குக் கலியாணம் பேசவேண்டாமே?"

"அண்ணை, ஒரு குடும்பம் சேரவேணும்..."

"ஆர்ர குடும்பம்? உன்ர குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டு ஊரான்ர குடும்பத்தைச் சேர்க்கிறியோ? இனி எனக்குப் போன் எடுக்காதை." வைத்துவிட்டார். மானம் கப்பலேறியது என்பார்களே, எங்கள் மானம் ரயிலும் ஏறி நாடு முழுக்கச் சுற்றியது.

சரி, மானம் போனாலும் காரியம் ஆயிற்றே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் ஆகவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தவராசாவின் வழக்கறிஞர் அழைத்தார். கோபமான பெண்மணி, நேரே விசயத்துக்கு வந்தார்.

"உங்கள் அபிப்பிராயம் ஃபைலுக்குள் போய்விட்டது. இப்போதுதான் விண்ணப்பத்தோடு வைத்து வாசித்தேன். இது வறியவர்களின் வழக்கம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பெண்ணின் தகப்பனுக்கு வயல் இருக்கிறது, உழவு இயந்திரம் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் இருக்கிறது. திறந்து பார்க்கிறவர் முதலில் இதைத்தான் பிடிப்பார். இவர்கள் ஏழைகள் இல்லை, ஆகவே இது கலியாணம் இல்லை என்பார். பேப்பர் இல்லாமல் இருந்ததைவிட இப்போது மோசம்."

புனிதத்தை நான் கண்டதில்லை. அவளையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ள அவளுடைய புருசனுக்கு இருந்த ஒரே வழியில், நான் என் வெட்கத்தைக் கொண்டுபோய்க் குறுக்கே போட்டிருக்கிறேன். தவராசாவும் அழைத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணை, எங்களுக்கு வயல் இருந்தது. நாங்கள் இல்லாமையில செய்யேல்லை. நீங்கள் ஏன் அப்பிடி எழுதினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

பேராசிரியரிடம் போய், நான் சொன்னது பிழை, மாற்றி எழுதவேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அன்றைக்கு ஏழைகள் என்றீர்கள். இன்றைக்கு இல்லை என்கிறீர்கள். நான் எதை நம்புவது?"

"இன்றைக்குச் சொல்வதை."

"அதை எப்படி நான் எழுதுவது? இந்த மனிதருக்கு இரக்கப்பட்டு மாற்றிச் சொல்கிறார் என்று யாரும் சொல்லலாமே." பிறகு அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "உங்கள் தாய்தான் மூலச்சுவடி. நீங்கள் பிரதி. பிரதியில் பிழை கண்டால் என்ன செய்வோம்? மூலத்துக்குப் போவோம்."

மூலம் யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தது. சண்டைக்கு நடுவில் தொலைபேசி ஏது? அந்தக் காலத்தில் நம் சனம் ஒருவர் குரலை மற்றவர் கேட்பது கசற்றில், ஒலிநாடாவில்தான். ஒரு பக்கம் பேசி அனுப்பினால் மறு பக்கத்தில் பதில் வரும். தங்கச்சிக்கு எழுதினேன். அம்மாவிடம் கேட்டுப் பதிவு செய்து அனுப்பு, விசயம் இது, பதிவு இல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை இதில் தொங்குகிறது என்று எழுதினேன். நான் ஏழைகள் என்று சொன்னதையும் எழுதத்தான் வேண்டியிருந்தது. கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கடிதம் போயிற்று. பிறகு காத்திருப்பு. எந்த நாளிலும் அமைச்சில் அந்த ஃபைல் கட்டு அவிழலாம், அவிழ்ந்தால் எங்கள் பழைய தாள்தான் மேலே இருக்கும். கட்டு அவிழவேண்டும் என்று நாடு முழுக்கத் தமிழர் நேர்த்தி வைத்த காலத்தில், இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று வேண்டிய பாவி நான் ஒருவன்தான்.

உங்களைத் தவிக்க விடாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புனிதமும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நெடுங்காலம் சென்றுதான் வந்தார்கள். நானும் விமான நிலையத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு தவராசாவைக் காட்டி, "இந்த மாமா ஆர்?" என்று கேட்டது. தவராசா சிரித்தார். பிறகு வாகனத் தரிப்பிடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தார். எங்கள் இரண்டாவது தாள் உதவியதா, முதல் தாள் தாமதமாக்கியதா, அல்லது இரண்டையும் யாருமே வாசிக்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை தகப்பனை மாமா என்று கூப்பிட்டதில் என் பங்கு எவ்வளவு என்றும் தெரியாது. தெரியாமலே போய்ச் சேரவேண்டியதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டாவது தாள் எழுதப்பட்ட நாளைப் பற்றித்தான்.

கசற் வந்த அன்று பேராசிரியர் தன் அறைக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. அவருக்கு நம் பேச்சுத் தமிழ் விளங்காது என்று சொன்னேனல்லவா? ஆகவே நான் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டும், அவர் எழுதுவார் என்று ஏற்பாடு. "ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம்" என்றார். இந்த முறை அதை அழுத்திச் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

பொத்தானை அழுத்தினேன். முதலில் கோழிச் சத்தம். தங்கச்சி, "கதையுங்கோ அம்மா, சுத்துது" என்கிறாள். பிறகு அம்மா. வீட்டில் பேசுகிற குரல் இல்லை, சபையில் எழுந்து சாட்சி சொல்லும் குரல். தன் பெயரைச் சொன்னாள், தகப்பன் பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள்.

"எங்களிட்டைப் புகையிலைத் தோட்டம் இருந்தது. துலா இருந்தது, மாடு இருந்தது. நாங்கள் ஏழையள் இல்லை. எங்கட பகுதியில அப்பிடித்தான் கலியாணம். என்ர அம்மாவும் சோறு குடுத்துத்தான் வந்தவ. நான் அண்டைக்குக் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் காய்ச்சினனான். அவர் சாப்பிட்டவர். அதில நானும் சாப்பிட்டனான். அண்டையில இருந்து அவர் கண் மூடுமட்டும் எங்களை ஆரும் புருசன் பெண்சாதி இல்லையெண்டு சொன்னதில்லை. சபையில பேந்து ஆசீர்வாதம் எடுத்தது அது கடவுளுக்கு. கலியாணம் முதலே முடிஞ்சுது."

நிறுத்தினேன், மொழிபெயர்த்தேன். அவர் எழுதினார். துலா என்றால் என்ன என்று கேட்டார், கிணற்றில் தண்ணீர் இறைப்பது என்றேன். மறுபடி அழுத்தினேன்.

"அந்தப் பிள்ளைக்கும் அதுதான் கலியாணம். பெயர் புனிதமாமே? அவள் அவன்ர பெண்சாதி. அவளை அவனோட சேர்த்து விடுங்கோ."

நிறுத்தினேன், மொழிபெயர்த்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தாலும் மறுபடி அழுத்தினேன். நாடா ஓடிக்கொண்டிருந்தது. கோழி மறுபடி கத்தியது. அம்மா தொண்டையைச் செருமினாள்.

"இதைக் கேட்டுச் சொல்லுறது என்ர சின்னவன்தான். அவன் வெக்கப்படுவான். பள்ளிக்கூடத்துக்கு நான் வந்தாலும் அவனுக்கு வெக்கம். நாங்கள் ஏழையள் எண்டு அவன் சொன்னது அவன்ர வெக்கம். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. அவன்ர வெக்கத்தை எழுதாதேங்கோ துரை. நான் சொன்னதை எழுதுங்கோ."

நாடா நின்றது. பேராசிரியர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

மழுப்பியிருக்கலாம். எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார் என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லுக்குச் சொல் டெனிஸில் சொன்னேன். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பெரிய மனிதர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இதையும் எழுதவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"எழுதுங்கள்" என்றேன். "ஏழைகள் என்று சொன்னவன் நான், அம்மா இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். என் பெயரைப் போடுங்கள்."